மூன்றாம் நாள் அடங்கிப்போனால் கொட்டிவிடாதீர்கள்: கிருஷ்ணகிரி வெயிலில் ஒரு சவர்டோ ஸ்டார்ட்டர்

கடையில் விற்கும் ஈஸ்ட்டைத் தொடாமல், மாவும் தண்ணீரும் மட்டும் வைத்து ஈஸ்ட்டை நாமே வளர்த்து, அதை வைத்து ரொட்டி சுடுவதைத்தான் சவர்டோ என்கிறார்கள். ஈஸ்ட் வளரும் அந்த மாவுக் கரைசலுக்குப் பெயர் ஸ்டார்ட்டர். இதைப் பற்றி எழுதி வைத்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் குளிர் நாட்டுக்காரர்கள். “சமையலறையில் கொஞ்சம் வெதுவெதுப்பான இடமாகப் பார்த்து வையுங்கள்” என்று ஆரம்பிப்பார்கள். ஏப்ரல் மாதத்தில் கிருஷ்ணகிரியில் வெதுவெதுப்பாக இல்லாத இடம் எது என்று யாராவது எழுதியிருந்தால் எனக்குப் பாதி பணம் மிச்சமாகியிருக்கும். மாவு, பாட்டில், கூரியர், திருப்பிக் கொடுத்த அட்வான்ஸ் எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய்க்குக் குறையாமல் போனது. கரண்ட் பில்லை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. கேட்க ஆள் இல்லாமல் தனியாக முட்டி மோதிக் கற்றுக்கொண்டதால், நம் பக்கத்தில் இதை ஆரம்பிக்கிறவர்களுக்காக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பழையபேட்டைப் பக்கம் வீட்டிலேயே பன், ரஸ்க், பால் பிரெட் செய்து தெரிந்தவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் பாக்கெட் ஈஸ்ட்தான், எந்தத் தொந்தரவும் இல்லை. ஓசூரில் அபார்ட்மெண்ட்டில் இருக்கும் ஒரு அக்கா, பெங்களூரில் ஒரு சவர்டோ ரொட்டிக்கு என்ன விலை கொடுக்கிறோம் தெரியுமா, நீங்கள் செய்தால் எங்கள் பிளாக்கிலேயே பத்துப் பேர் வாங்குவோம் என்று ஆசை காட்டினார். என் வீட்டுக்காரர் வேலைக்குத் தினமும் ஓசூர் போகிறவர், அதனால் கொண்டுபோய்ச் சேர்க்கவும் செலவில்லை. சரி என்று இறங்கிவிட்டேன். 50 கிராம் கோதுமை மாவு, 50 கிராம் தண்ணீர், ஒரு கண்ணாடி பாட்டில், வெளியே மட்டத்துக்கு அடையாளமாக ஒரு ரப்பர் பேண்ட். மறுநாள் காலையில் பார்த்தால் ரப்பர் பேண்ட்டைத் தாண்டி இரண்டு மடங்கு பொங்கி மூடியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வாரம் ஆகும் என்று எல்லாரும் சொல்வது நமக்கு ஒரே ராத்திரியில் முடிந்துவிட்டது, இதுதான் நம் ஊர் வெயிலின் மகிமை என்று நினைத்து, அன்றைக்கே ஓசூர் அக்காவுக்கு போன் போட்டு ஆர்டரும் வாங்கிவிட்டேன்.

அடுத்த நாள் கொஞ்சம் பொங்கியது. அதற்கடுத்த நாள் ஒரு குமிழிகூட இல்லை. மேலே லேசாகத் தண்ணீர் பிரிந்து நின்றது, மூடியைத் திறந்தால் குழந்தை கக்கின பால் நாற்றம். செத்துப்போச்சு என்று கொட்டினேன். புதிதாக ஆரம்பித்தேன். அதுவும் அப்படியே: முதல் நாள் ஆர்ப்பாட்டம், மூன்றாம் நாள் மயான அமைதி. மாவை மாற்றினேன், பாட்டிலைக் கொதிக்கவைத்தேன், கரண்டியை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வந்து நின்றது, ஒவ்வொரு முறையும் கொட்டினேன். அத்தை பார்த்துப் பார்த்துக் கடைசியில் கேட்டே விட்டார், “ஏம்மா, இட்லி மாவு மாதிரி பொங்குதே, இதுல என்னத்துக்கு இவ்வளவு அழுவுற?” என்று. அப்போது எரிச்சலாக இருந்தது. பின்னால் படித்தபோதுதான் தெரிந்தது, அவர் சொன்னதுதான் விஷயமே.

இட்லி மாவைப் பொங்க வைப்பதில் பெரிய பங்கு லியூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியாவுக்கு. அது புளிப்பையும் உண்டாக்கும், வாயுவையும் உண்டாக்கும், அதனால்தான் நாம் இட்லிக்கு ஈஸ்ட் போடுவதில்லை. கோதுமை மாவையும் தண்ணீரையும் கலந்து வைத்தால் முதல் ஒன்றிரண்டு நாளில் துள்ளிக் குதிப்பதும் பெரும்பாலும் இதுவும் இதன் கூட்டாளிகளும்தான். அந்தப் பொங்கலில் ஈஸ்ட்டுக்குப் பங்கே கிடையாது. இவை வளர வளரக் கரைசல் புளிக்கிறது, புளிப்பு ஏற ஏற அந்தப் புளிப்பைத் தாங்க முடியாமல் இவையே அடங்கிவிடுகின்றன. அப்போதுதான் பாட்டில் செத்தது போல் கிடக்கும். ஆனால் உள்ளே அமிலம் தாங்கும் வேறு பாக்டீரியாக்கள் பெருகிக்கொண்டிருக்கும், பி.எச். (புளிப்பைக் காட்டும் எண், அது குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4 பக்கம் இறங்கியதும் அதுவரை சும்மா கிடந்த காட்டு ஈஸ்ட் விழித்துக்கொள்ளும். ஆக அந்த அமைதி வந்தே தீர வேண்டிய கட்டம். நான் ஒவ்வொரு முறையும் சரியாகப் போய்க்கொண்டிருந்த பாட்டிலைத்தான் கொட்டிக்கொண்டிருந்தேன்.

அதனால் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: முதல் பொங்கலை நம்பி யாரிடமும் ஆர்டர் வாங்காதீர்கள், மூன்றாம் நாள் அமைதியைப் பார்த்துக் கொட்டவும் செய்யாதீர்கள். அந்த நாட்களில் தினமும் ஒருமுறை, பாதியை எடுத்துவிட்டுப் புது மாவும் தண்ணீரும் கொடுத்தால் போதும். ஒன்றும் நடக்கவில்லையே என்று மூன்று வேளை மாவு கொட்டினால், சேர்ந்து வந்த புளிப்பை நாமே நீர்த்துப்போக வைத்துவிடுகிறோம், இன்னும் தாமதமாகும். மூக்கை நம்புங்கள். கக்கல் நாற்றம் போய், பிறகு ஒரு வாசனையும் இல்லாமல் இருந்து, அப்புறம் புளித்த தயிர் வாசனை வந்து, கடைசியில் பழுத்த பழ வாசனை அடிக்கும். அது வந்துவிட்டால் ஈஸ்ட் வந்துவிட்டது. ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் வரை ஆகலாம். பி.எச். தாள் கட்டு ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் மனசுக்கு நிம்மதி, விலையும் அதிகமில்லை. முதல் நாட்களில் தண்ணீருக்குப் பதில் அன்னாசிப்பழச் சாறு ஊற்றும் வழியும் உண்டு. ஆரம்பத்திலேயே புளிப்பு இருப்பதால் லியூகோனோஸ்டாக் ஆட்டம் போட இடம் கிடைக்காது, நேராக அடுத்த கட்டத்துக்குப் போகும். நம் ஊரில் புளிக்குப் பஞ்சமில்லை, புளித்தண்ணீரே ஊற்றலாமா என்றுகூட யோசித்தேன். ரொட்டியில் ரச வாசனை வந்தால் ஓசூர் அக்கா என்ன சொல்வாரோ என்று அன்னாசிக்கே போனேன், வேலை செய்தது.

இதெல்லாம் தெரியும் முன்னால் செய்த ஒரு செலவையும் சொல்லிவிடுகிறேன். வளர்க்க வராவிட்டால் வாங்கிவிடலாம் என்று, வெளியூரில் ஒருவர் விற்ற ‘உயிருள்ள ஸ்டார்ட்டர்’ ஒன்றை 650 ரூபாய் கொடுத்து வரவழைத்தேன். மே மாத வெயிலில் கூரியர் வண்டியில் கிடந்து வந்த கவர், பந்து போல் உப்பி, ஓரம் பிய்ந்து, பெட்டி முழுக்க வழிந்திருந்தது. மிச்சமிருந்ததற்கு மாவு கொடுத்துப் பார்த்தேன், அசையவில்லை. கேட்டால், நீங்கள் சரியாக ஃபீட் பண்ணவில்லை என்று எனக்கே பாடம். வாங்குவதாக இருந்தால் ஈரமாக வருவதை வாங்காதீர்கள். மெல்லிசாகத் தடவி உலர்த்திச் செதிலாக விற்பதை வாங்குங்கள். அது வெயிலைத் தாங்கும், மாதக்கணக்கில் கிடக்கும், தண்ணீரில் ஊறவைத்து இரண்டு மூன்று வேளை மாவு கொடுத்தால் எழுந்துவிடும். வெயில் காலத்தில் அதைக்கூட வாங்க வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். பக்கத்து ஊரில் யாராவது வளர்த்தால் ஒரு ஸ்பூன் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு பக்கம், ஈஸ்ட் ஸ்டார்ட்டர் என்று தேடித் தேடிப் படித்ததில் பாதி பீர் காய்ச்சுகிறவர்கள் எழுதியதாக இருந்தது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937 இருக்கிற ஊரில் வீட்டில் பீர் காய்ச்சினால் கேஸ்தான், அந்தப் பேச்சே வேண்டாம். ஆனால் வெளிநாட்டில் அதை வீட்டுத் தொழில் மாதிரி செய்கிறவர்கள் ஈஸ்ட்டைப் பற்றி ரொம்ப நுணுக்கமாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள், நான் குழம்பிப்போனதும் அதனால்தான். அவர்கள் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (முளைகட்டிய தானியத்திலிருந்து எடுக்கும் இனிப்புச் சத்து) போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, பாக்கெட்டில் வாங்கின ஒரே வகை ஈஸ்ட்டை விட்டுப் பெருக்குகிறார்கள். திரவ ஈஸ்ட் பாக்கெட் ஒன்றில் சுமார் 10,000 கோடி செல்கள் இருக்குமாம், அது மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதால் பீருக்குப் போடும் முன் ஆள் சேர்க்கிறார்கள். வேறு எந்தக் கிருமியும் நுழையக் கூடாது என்பது அவர்கள் வேதம். நான் அதைப் படித்துவிட்டு மாவுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பார்த்தேன், பசைதான் கிடைத்தது, உயிரும் இல்லை. நமக்கு வேண்டிய ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் மாவின் தவிட்டில்தான் உட்கார்ந்திருக்கின்றன, கொதிக்கவைத்தால் முதலுக்கே மோசம். அவர்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான், காற்று. ஈஸ்ட் பெருகும்போது செல் சுவர் ஓரத்துச் சவ்வைக் கட்ட ஆக்சிஜன் வேண்டும் என்று பாட்டிலைக் குலுக்கிக்கொண்டே இருப்பார்கள், மோட்டார் வைத்துக் கலக்குகிறவர்களும் உண்டு. நான் மாவு கொடுக்கும்போது ஒரு நிமிஷம் கரண்டியால் நன்றாக அடித்துக் கலக்குகிறேன். அமைதிக் கட்டத்திலும் இடையில் ஒருமுறை கலக்கிவிடுவது நல்லது, பூஞ்சை மேலே படிய விடாது.

தண்ணீரைப் பற்றிக் கேட்பார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம், அதற்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. குடிக்க அந்தத் தண்ணீர்தான் நல்லது, ஆனால் சில நாள் குளோரின் வாடை தூக்கலாக வரும். கிருமியைக் கொல்லத்தானே குளோரின், நாம் வளர்ப்பதும் கிருமிதான். அகலமான பாத்திரத்தில் பிடித்து ராத்திரி முழுக்கத் திறந்து வையுங்கள், அல்லது கொதிக்கவைத்து ஆறவையுங்கள், போதும். கேன் தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள், நான் கொடுத்தேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

இப்போது பெரிய அடிக்கு வருகிறேன். ஸ்டார்ட்டர் ஒருவழியாகத் தயாராகி, சின்னச் சின்னதாக நாலைந்து ரொட்டி நன்றாக வந்த தைரியத்தில், ஓசூரில் ஒரு வீட்டு விசேஷத்துக்கு 12 ரொட்டி ஒத்துக்கொண்டு 2,000 ரூபாய் அட்வான்ஸும் வாங்கினேன். அந்த வாரம் அனல். ராத்திரி பத்து மணிக்கும் சமையலறைச் சுவரில் கை வைத்தால் சுட்டது. குளிர் நாட்டுக் கணக்குப்படி மாவு பிசைந்து, பொங்க ராத்திரி முழுக்க வெளியே விட்டுப் படுத்தேன். காலையில் தட்டு நிறைய மாவு இருந்தது, ஆனால் அது மாவாக இல்லை. கையில் எடுத்தால் விரல் இடுக்கில் வழிந்தது, ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் நூல் நூலாக அறுந்தது, முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் புளிப்பு கண்ணை எரித்தது. ஓவனில் வைத்ததெல்லாம் அடை மாதிரி தட்டையாக வந்தது. விசேஷ வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன், அவர்கள் கடைசி நேரத்தில் அலைந்து கடை பிரெட் வாங்கினார்கள். அதற்கப்புறம் அந்த பிளாக்கில் ரொம்ப நாளைக்கு யாரும் என்னிடம் கேட்கவில்லை.

காரணம் சூடு. 24 முதல் 28 டிகிரி வரை ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகும். 32, 33 தாண்டினால் பாக்டீரியா முந்திக்கொள்ளும், புளிப்பு மளமளவென்று ஏறும், அந்தப் புளிப்பில் மாவிலேயே இருக்கும் என்சைம்கள் (மாவில் உள்ள சத்துகளை உடைக்கும் பொருட்கள்) வேகம் பிடித்து, மாவைச் சேர்த்துப் பிடித்திருக்கிற குளூட்டனை வெட்டித் தள்ளிவிடும். ரொட்டிக்கு முதுகெலும்பு அதுதான். அதனால் நம் ஊரில் வெயில் காலத்தில் நேரத்தைப் பார்க்கவே பார்க்காதீர்கள், பாட்டிலைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் உச்சிக்குப் போகும்போது மேல்பக்கம் குவிந்திருக்கும், அப்புறம் தட்டையாகும், அப்புறம் நடுவில் குழிந்து கண்ணாடியில் கோடு விட்டுக்கொண்டு இறங்கும். குவிந்து தட்டையாகிற அந்த நேரத்தில் எடுத்துப் பிசைய வேண்டும். குழிந்துவிட்டால் அதை ரொட்டிக்குப் போடாதீர்கள், மறுபடி மாவு கொடுத்து அடுத்த சுற்றுக்குக் காத்திருங்கள்.

அடுத்தது விகிதம். ஸ்டார்ட்டர், மாவு, தண்ணீர் மூன்றும் ஒரே எடை என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். நம் கோடையில் அப்படிக் கொடுத்தால் மூன்று நாலு மணி நேரத்தில் தின்று தீர்த்துவிட்டுப் பசியில் கிடக்கும். நெயில் பாலிஷ் வாடை அடித்தால், மேலே கறுப்புத் தண்ணீர் நின்றால், பசி என்று அர்த்தம், கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை. ஏப்ரல், மே மாதத்தில் நான் 10 கிராம் ஸ்டார்ட்டருக்கு 50 கிராம் மாவு, 50 கிராம் தண்ணீர் கொடுக்கிறேன், தண்ணீர் ஃபிரிட்ஜ் குளிர்ச்சியில். ராத்திரி கொடுத்தால் காலை வரை தாங்கும். பாட்டிலை வைக்க, அகலமான தட்டில் மணல் கொட்டி நனைத்து, மேலே மண்பானை வைத்து, பானைக்குள் பாட்டில். வெளியே பானைக்கு ஈரத்துணி. தண்ணீர் வைக்க நாம் செய்வதுதான், நாலைந்து டிகிரி குறையும், மழைக்காலத்தில் இது எடுபடாது, அப்போது தேவையும் இல்லை. ரொட்டி மாவை மட்டும் வெளியே முழுசாகப் பொங்க விடாமல், பாதி பொங்கியதுமே உருட்டி ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன், மிச்சப் பொங்கல் உள்ளே மெதுவாக நடக்கும்.

ராகி விளைகிற ஊர், ராகி போடாமல் இருப்போமா. ராகி மாவு போட்டால் ஸ்டார்ட்டர் நிஜமாகவே சுறுசுறுப்பாகிறது, தோலோடு அரைப்பதால் ஈஸ்ட்டுக்குத் தீனியும் அதிகம். ஆனால் ராகியில் குளூட்டன் கிடையாது, பிடித்து வைக்க ஆள் இல்லாததால் வாயு வெளியேறிவிடும், ரப்பர் பேண்ட்டைத் தாண்டி ஏறவே ஏறாது. முழு ராகியில் வளர்த்துவிட்டு ஏறவில்லையே என்று கவலைப்படாதீர்கள், குமிழியையும் வாசனையையும் பாருங்கள். நான் கோதுமையோடு பத்தில் ஒரு பங்குதான் ராகி சேர்க்கிறேன். முளைகட்டின ராகி மாவு வேண்டாம், அதில் என்சைம் ரொம்ப அதிகம், ரொட்டி உள்ளே பிசுபிசுவென்று வேகாத மாதிரி இருக்கும்.

ஜூன் மாதத்தில் வேறொரு தலைவலி. மாம்பழ சீசனில் மண்டியிலும் கூழ் ஆலைப் பக்கமும் சின்ன ஈ எப்படி மொய்க்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புளிக்கிற வாசனைக்கு அவை எங்கிருந்தாலும் வரும். பாட்டில் வாயில் மெல்லிய வேட்டித் துணியைக் கட்டி வைத்திருந்தேன், ஒருநாள் பார்த்தால் துணிக்கு உள்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் புழு நெளிகிறது. அப்படியே கொண்டுபோய்த் தூரக் கொட்டினேன். துணி போதாது. மூடியைப் போட்டு ஒரு சுற்று மட்டும் திருகி வையுங்கள், வாயு வெளியே போகும், ஈ உள்ளே வராது. இறுக்கி மூடினால் பாட்டில் வெடிக்கவும் செய்யும். புழு மட்டுமில்லை, மேலே பஞ்சு மாதிரி பூஞ்சை வந்தாலும், ரோஸ் அல்லது ஆரஞ்சு நிறத்தில் கோடு தெரிந்தாலும், சுரண்டி எடுத்துவிட்டுப் பயன்படுத்தலாம் என்று நினைக்கவே கூடாது. பாட்டிலோடு போக வேண்டியதுதான்.

அப்படிக் கொட்டியபோது எனக்குப் பழையபடி இரண்டு வாரம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் அதற்குள் உலர்த்தி வைக்கிற பழக்கம் வந்திருந்தது. நன்றாகப் பொங்கி நிற்கும் ஸ்டார்ட்டரை பட்டர் பேப்பரில் கண்ணாடி போல மெல்லிசாகத் தடவி, வெயில் நேராகப் படாத மாடி அறையில் மின்விசிறிக்கு அடியில் வைத்தால் ஒரே நாளில் மொறுமொறுவென்று உரியும். நொறுக்கி டப்பாவில் போட்டு வைத்துக்கொள்ளலாம். மொட்டை மாடி வெயிலில் காயவைக்காதீர்கள், தளம் கொதிக்கும், ஈஸ்ட் செத்துவிடும். ஈரமாக ஒரு பங்கு ஃபிரிட்ஜில் இருக்கட்டும், வாரம் ஒருமுறை மாவு கொடுத்தால் போதும். ஊருக்கு, திருவிழாவுக்கு என்று பத்து நாள் போவதாக இருந்தால், தண்ணீரைப் பாதியாகக் குறைத்துச் சப்பாத்தி மாவு பதத்தில் உருட்டி வைத்துவிட்டுப் போங்கள், கெட்டியாக இருந்தால் மெதுவாகத்தான் தின்னும், நடுவில் கரண்ட் போய் ஃபிரிட்ஜ் ஓடாவிட்டாலும் ஒன்றிரண்டு நாள் தாங்கும். மாவு கொடுக்கும்போது எடுத்துவிடுகிற பாதியை ராகி மாவோடு கரைத்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டு தோசை ஊற்றுங்கள், அத்தைக்கு ரொட்டியைவிட அதுதான் பிடித்திருக்கிறது. ஆனால் முதல் வாரத்தில், அந்தக் கக்கல் நாற்றம் போகிற வரைக்கும் எடுப்பதை மட்டும் சமையலில் சேர்க்காமல் செடிக்குப் போட்டுவிடுங்கள்.